குட்டி நாய்க்கு ரத்தப் பேதியா? காத்திருக்காதீர்கள்!

நாய்க்கு வயிறு கெடுவது சகஜம். கண்டதைத் தின்னும், பேதியாகும். வளர்ந்த நாய் சுறுசுறுப்பாக இருந்தால் பயம் வேண்டாம். நிறையத் தண்ணீர் வையுங்கள். குழைந்த சோற்றுடன், எலும்பு நீக்கி வேக வைத்த கோழிக்கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பு, காரம் கூடாது. 2 நாளில் பேதி நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

குட்டியின் கதையே வேறு!

பொல்லாத வைரஸ்

"பார்வோ" என்ற வைரஸ் 1978-ம் ஆண்டில் பல நாடுகளில் திடீரென்று தலைகாட்டியது. அது குடலின் உட்புறத்தைப் புண்ணாக்கிவிடும். குட்டி சாப்பிடாது, சுருண்டு படுக்கும், வாந்தி எடுக்கும். பிறகு கடும் நாற்றத்துடன் ரத்தப் பேதி. உடம்பில் நீர் வற்றி, சில நாட்களிலேயே உயிர் போய்விடலாம்.

ஈறைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்து வெளுத்திருந்தால் ஆபத்து! உடனே கால்நடை டாக்டரிடம் தூக்கிச் செல்லுங்கள். காலத்தோடு குளுக்கோஸ், சலைன் ஏற்றினால் பல குட்டிகள் பிழைத்துவிடும். மனிதர் சாப்பிடும் மாத்திரையை மட்டும் கொடுக்காதீர்கள். அதுவே எமனாகலாம்.

வருமுன் காக்க...

தடுப்பு ஊசி உண்டு. 6 முதல் 8 வாரக் குட்டிக்குத் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது.

இந்த வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். நோய் கண்ட இடத்தை பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவுங்கள். ஊசி போடாத புதுக் குட்டியை அங்கே விடாதீர்கள்!