பரணில் உறங்கும் காவிரி

தூண்டில் வேட்டைக்குத் தடை வந்த பிறகு மைசூர் வீடுகளில் முடங்கிய பழைய ரீல்களுக்கு இப்போது எதிரி துருவும் களிம்பும். சில சமயம், சமையலறைப் புளியும்.

பித்தளை பளபளக்க வேண்டுமானால் புளி. தமிழ் வீடுகளின் பாலபாடம் இது. மைசூர் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டின் சத்தம் சற்று அடங்கும் ஒரு சந்தில் இருக்கும் என் மாமா வீட்டிலும் அதுதான் நடந்தது. பரணிலிருந்து இறங்கிய பழைய மீன்பிடி ரீலை அத்தை புளியும் சாம்பலும் போட்டு அரை மணி நேரம் தேய்த்தார். குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தது. வெளியூரிலிருந்து திரும்பிய மாமா, "என்ன காரியம் பண்ணிட்டே?" என்று மட்டும் கேட்டார். பிறகு இரண்டு நாள் பேச்சு இல்லை.

அத்தை அழுக்கு என்று நினைத்த அந்தக் கரும்பழுப்பு அழுக்கல்ல. வெயிலில் பித்தளை மின்னி மீனை மிரளச் செய்யக்கூடாது என்பதற்காக இங்கிலாந்தின் ஹார்டி போன்ற நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே கொடுத்த பூச்சு. பழைய ரீல்களைச் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். போனால் போனதுதான், திரும்ப ஒட்டாது.

இந்த ஊரில் இத்தனை ரீல்கள் எப்படி? காரணம் ஒரு மீன். காவிரியிலும் அதன் கிளை நதிகளிலும் வாழும் மஹசீர், கெண்டைக் குடும்பத்தின் பிரம்மாண்டம். ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியத் தூண்டில் வேட்டை பற்றி 1873-லேயே புத்தகம் போட்டுவிட்டார். 1946 மார்ச்சில் கபினியில் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ மஹசீரை இழுத்துப் போட்டவர் டி வெட் வான் இங்கன். மைசூரில் புலிகளைப் பாடம் செய்வதில் உலகப் புகழ் பெற்ற அதே வான் இங்கன் குடும்பம்தான்.  1970-களின் இறுதியில் மூன்று பிரிட்டிஷ்காரர்கள் வந்து காவிரியில் இன்னும் பெரிய மீன்கள் உண்டு என்று காட்டிவிட்டுப் போக, பீமேஸ்வரியிலும் காலிபோரேயிலும் முகாம்கள் முளைத்தன. ராகி உருண்டையைத் தூண்டிலில் கோத்துப் பரிசலில் காத்திருந்த கூட்டத்தில் மாமாவும் ஒருவர். அவருடைய இரண்டாவது ரீல், ஸ்வீடனின் ஆபு அம்பாசடர், அந்தக் காலத்து வாங்கல்.

சிக்கல் அந்த இரண்டாவது ரீலில்தான். கைப்பிடி நகரவில்லை. காவிரி நன்னீர், உப்புக் கிடையாதே என்று கேட்கலாம். உப்பு தேவையே இல்லை. ஒரே ரீலில் அலுமினியம், பித்தளை, எஃகு மூன்றும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. நடுவில் கொஞ்சம் ஈரம் புகுந்தால் போதும், அது ஒரு குட்டி பாட்டரி. அதில் தேய்வது அலுமினியம். எஃகுத் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்துத் திருகையே இறுக்கிவிடும். பித்தளைப் பல்சக்கரத்தில் பழைய கிரீஸ் பச்சைப் பிசினாகிறது. கிரீஸில் உள்ள கொழுப்பு அமிலம் செம்பைக் கரைப்பதால் வரும் நிறம் அது. போதாக்குறைக்கு மாமா ரீலை வைத்திருந்தது தோல் உறையில். பார்க்க ராஜ கம்பீரம்தான். ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பதனிட்ட ரசாயனமும் கூடவே உலோகத்தை அரிக்கும். பத்து மழைக்காலம் அதற்குள் கிடந்த ரீல் வேறு எப்படி இருக்கும்?

பிரித்தோம். 'பிரித்தோம்' என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன், மூன்று நாள் வேலை. திருகின் தலைக்குப் பொருந்தாத திருப்புளியை வைத்து அழுத்தினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். எனவே திருப்புளியின் நுனியை அரத்தால் ராவி அளவுக்குக் கொண்டுவந்தோம். துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு, ஒரு ராத்திரி பொறுமை. அதற்கும் மசியாத ஒரு திருகின் தலையில் சால்டரிங் அயர்னைச் சற்று நேரம் வைத்து எடுத்ததும் மெல்ல அசைந்தது. ஒவ்வொரு வாஷரும் எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையில் வெள்ளைத் துணி மேல். மாமா நோட்டில் படம் வரைந்தார். செல்போனில் எடுத்தால் போதுமே என்றேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பச்சைப் பிசினுக்கு மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும். எஃகு அச்சில் இருந்த துருவுக்கு மிக மெல்லிய எஃகு நார், அதுவும் எண்ணெயில் தோய்த்து. அலுமினியச் சட்டத்துக்கு இளஞ்சூட்டு சோப்புத் தண்ணீர் மட்டுமே. இரும்புத் துருவுக்குச் சிலர் வாஷிங் சோடாக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். அதே கரைசல் அலுமினியத்தையும் அதன் வண்ணப் பூச்சையும் தின்றுவிடும். பழைய ரீல்களின் எபோனைட் கைப்பிடிகளுக்கு வெந்நீரும் ஆகாது, கறுப்பு வெளிறிவிடும். கடைசியில் தையல் மிஷின் எண்ணெய், அளவோடு. தேங்காயெண்ணெய் வேண்டாம். மைசூர்க் குளிரில் உறையும், நாளடைவில் பிசுபிசுக்கும்.

மூன்றாம் நாள் மாலை கைப்பிடியைச் சுற்றினார். சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "சத்தமே வரலையே, சரியாயிடுச்சா?" என்றார். இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்பது எனக்கு ரீலைவிடப் பெரிய விஷயம்.

ஓடும் ரீலை வைத்து என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. சரணாலயத்தில் மீன் பிடிப்பதும் வேட்டைதான் என்று 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விளக்கம் வந்து, 2010-களின் தொடக்கத்தில் காவிரி முகாம்களில் தூண்டில் நின்றது. மாமாவுக்கு அதில் கோபம் உண்டு. பிடித்த மீனை எடை பார்த்து ஆற்றிலேயே விட்டோமே என்பார். அவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. காலிபோரேயில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதி வைத்த குறிப்புகள்தான் பிறகு விஞ்ஞானிகளுக்கு ஆதாரமாயின. காவிரிக்கே உரிய திமில் மஹசீர் அருகிப்போய், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹசீர் பெருகியதை 2015-ல் வெளியான ஆய்வு அதிலிருந்தே எடுத்துச் சொன்னது. அந்தத் திமில் மீனுக்கு விஞ்ஞானப் பெயர் உறுதியானதே 2018-ல்: டோர் ரேமாதேவி. சென்னை விலங்கியல் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரேமாதேவியின் பெயர். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலிலும் ஏறியது. இந்த நிலையில் எந்த ஆற்றிலும் அதைத் தூண்டிலால் தொடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமாவும் கேட்கவில்லை.

தோல் உறை இப்போது தனியாக ஆணியில் தொங்குகிறது. ஆபு ரீல் பருத்தித் துணியில், அலமாரியில். புளி பட்ட பித்தளை ரீலும் பக்கத்திலேயே, ஜொலித்தபடி. மாதம் ஒரு முறை இரண்டையும் எடுத்து நாலு சுற்றுச் சுற்றி வைக்கிறார்.