கொடைக்கானலில் ஒரு தை மாதக் காலை

தை மாதத்து விடியற்காலையில் கொடைக்கானலில் கம்பளியை விட்டு எழுவதே ஒரு வீரச் செயல்தான். ஆனால் எழுந்தவருக்கு நஷ்டமில்லை. 1863-ல் உண்டாக்கிய ஏரியின்மீது ஆவி மிதக்கிறது. பள்ளத்துப் புல்லில் உறைபனி வெள்ளை வெளேரென்று படிந்திருக்கிறது. ஊருக்குள்ளேயே இருக்கும் பாம்பே சோலையில், பாசி போர்த்திய மரங்களினிடையே, கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான் குருவி தாழ்ந்த கிளையொன்றில் அமர்ந்திருக்கிறது.

வெளியே வந்தால், பாதையில் காட்டெருமை! பெயர்தான் எருமை; உண்மையில் அது மாட்டினம். நான்கு கால்களிலும் வெள்ளைக் காலுறை அணிந்தாற்போன்ற தோற்றம். ஆண் மாடு ஆயிரம் கிலோ வரை கனக்கும். படம் பிடிக்க நெருங்காமல் ஒதுங்கி நிற்பதே விவேகம்.

அந்தப் பிராணிக்குத் தெருவில் என்ன வேலை? இம்மலையில் பள்ளங்களில் சோலையும் சரிவுகளில் புல்வெளியுமாக இருந்தன. திறந்தவெளியில் முளைக்கும் சோலைக் கன்றுகளை உறைபனி கருக்கிவிடும். புல்லோ வேர் பிழைத்து மீண்டும் தளிர்க்கும். பிறகு மனிதர் வாட்டிலையும் பைனையும் தைல மரத்தையும் கொண்டுவந்து நட்டனர். அவை பனியைத் தாங்கி வளர்ந்து புல்வெளியை விழுங்கின. மேய்ச்சலிழந்த மாடு நம் வேலியோரத்துப் புல்லை நாடி வருகிறது.

2013-ல் இங்குள்ள காடுகளில் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயமாயிற்று. அந்நிய மரங்களை அகற்றிப் புல்லை மீட்கும் முயற்சியும் உண்டு. எளிய காரியமன்று அது. வெட்டிய பின்னும் வாட்டில் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும்.