ஓய்வூதியச் சந்தாவும் வருமான வரிச் சலுகையும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரி, மிளகும் ஏலக்காயும் சுக்கும் கைமாறும் பழைய வாணிபக் களம். இந்திய மிளகு, நறுமணப் பொருள் வாணிபச் சங்கம் 1957-இல் மிளகுக்கான முன்பேர வாணிபத்தைத் தொடங்கியது இங்கேதான். தரகர், கிடங்குக் கணக்கர், சுமை தூக்குவோர் ஆகிய மூவரும் இங்கு ஒரே தெருவில் உழைக்கின்றனர். முதுமைக்கென மூவரும் பணம் சேமிக்கலாம். ஆயினும் அச்சேமிப்புக்கு வருமான வரிச் சட்டம் காட்டும் பரிவு மூவருக்கும் ஒன்றல்ல.

தேசிய ஓய்வூதியத் திட்டம், 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்காக (படைத்துறையினர் நீங்கலாக) ஏற்படுத்தப்பட்டது. 2009 மே 1 முதல் குடிமக்கள் அனைவருக்கும் அது திறந்துவிடப்பட்டது. கேரள அரசு 2013 ஏப்ரல் முதல் தன் புதிய ஊழியர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதிய முறையை ஏற்றது. இத்திட்டத்தில் செலுத்தப்படும் சந்தாவுக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80சிசிடி பிரிவு மூன்று வழிகளில் கழிவு அளித்தது. சந்தாதாரர் தாமே செலுத்துவது முதல் வழி. ஊழியருக்குச் சம்பளத்தில் 10 விழுக்காடும், சொந்தத் தொழில் செய்வோருக்கு மொத்த வருமானத்தில் 20 விழுக்காடும் இதன் உச்ச அளவு. எனினும் காப்பீடு, வைப்பு நிதி முதலியவற்றோடு சேர்த்து ரூ.1,50,000-க்குள் அது அடங்க வேண்டும். 2015-16 முதல் கூடுதலாக ரூ.50,000 கழிக்க இடம் தரப்பட்டது இரண்டாவது வழி. வேலை தருபவர் ஊழியருக்காகச் செலுத்தும் பங்கு மூன்றாவது வழி. 2025-இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. இந்த மூன்று வழி வேறுபாட்டின் அடிப்படை அதனால் மாறிவிடவில்லை.

கழிவு என்பது வரியில் குறைவதன்று. வரிக்குரிய வருமானத்தில் குறைவது. ஆகவே 30 விழுக்காடு வரி செலுத்துபவர் ரூ.100 சேமித்தால் அரசு ரூ.30 விட்டுக்கொடுக்கிறது, 5 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு ரூ.5 மட்டுமே. 1990 முதல் 2005 வரை 88-ஆவது பிரிவின்படி வேறு முறை இருந்தது. சேமிப்பில் 20 விழுக்காடு வரியிலிருந்தே தள்ளுபடி செய்யப்பட்டது. 2002-03-இல் இது மேலும் திருத்தப்பட்டு, ரூ.1,50,000-க்கு மேல் வருமானம் உடையோருக்கு 15 விழுக்காடாகவும், ரூ.5,00,000-க்கு மேற்பட்டோருக்கு இல்லையெனவும் ஆயிற்று. எளியோர் பால் சாய்ந்த அந்த ஏற்பாடு கைவிடப்பட்டதைப் பற்றிப் பொருளியலார் அதிகம் பேசுவதில்லை.

புதிய வரி முறையின் விளைவு

2020-21-இல் விருப்பத் தேர்வாக வந்த புதிய வரி முறை, 2023-24 முதல் இயல்பான முறையாயிற்று. விகிதங்கள் குறைந்தன, பெரும்பாலான கழிவுகள் நீங்கின. சந்தாதாரர் தாமே செலுத்தும் தொகைக்கான கழிவும் நீங்கியது. வேலை தருபவரின் பங்குக்கான கழிவு மட்டும் தப்பியது. அது மட்டுமன்றி, 2024-25 முதல் தனியார் துறையிலும் அதன் உச்ச அளவு இம்முறையில் 10 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

பழைய முறையையே தேர்ந்துகொள்ளலாமே என்று வினவலாம். 2025-26-ஆம் நிதியாண்டுக்கான விகிதங்களைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். மட்டாஞ்சேரித் தரகர் ஒருவரின் ஆண்டு வருமானம் ரூ.15,00,000 எனக் கொள்வோம். பழைய முறையில் அவர் ரூ.2,00,000 முழுவதையும் கழித்தாலும், எஞ்சிய ரூ.13,00,000-க்கு மேல்வரி உட்பட ரூ.2,10,600 செலுத்த வேண்டும். புதிய முறையில் ஒரு ரூபாயும் சேமிக்காமலே ரூ.1,09,200 செலுத்தினால் போதும். வருமானம் ரூ.9,00,000 ஆனால், பழைய முறையில் இதே கழிவுகளுக்குப் பின் வரி ரூ.54,600, புதிய முறையிலோ தள்ளுபடியினால் வரியே இல்லை. ஆக, தரகருக்குரிய சலுகை ஏட்டில் இருக்கிறது. அதைக் கோருவது நட்டமாக முடிகிறது.

ஏற்றுமதி நிறுவனமொன்றில் ரூ.15,00,000 பெறும் கணக்கரின் நிலை வேறு. அவருடைய அடிப்படைச் சம்பளம் ரூ.7,50,000 எனின், அதில் 14 விழுக்காடான ரூ.1,05,000-ஐ நிறுவனம் அவர் பெயரில் ஓய்வூதியக் கணக்கில் செலுத்தலாம். புதிய முறையிலேயே அவருக்கு ரூ.16,380 வரி மிச்சமாகும். ஊதியத்தின் ஒரு பகுதியையே நிறுவனத்தின் பங்காக மாற்றியமைத்தாலும் பயன் இதுவே. பணத்தின் ஊற்று ஒன்றுதான். அதைச் செலுத்தும் கை மாறியதே வேறுபாடு.

இச்சலுகை மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படும் வரியிலேயே அவருக்குக் கிடைத்துவிடுகிறது. பிரிட்டனில் இதற்கென ஒவ்வோர் ஊழியருக்கும் வரிக் குறியீடு உண்டு. 1257எல் என்பது £12,570 வரியற்ற வருமானத்தைக் குறிக்கும். உயர் விகிதத்தில் வரி செலுத்துவோரின் ஓய்வூதியச் சந்தாவுக்கேற்ப இந்தக் குறியீடு திருத்தப்படுவதுண்டு. நம் நாட்டில் குறியீடு இல்லை. ஊழியரின் அறிவிப்பைக் கொண்டு வேலை தருபவரே கணக்கிடுகிறார். பிரிட்டனில் கவனிக்கத்தக்க இன்னொரு கூறும் உண்டு. வரியே செலுத்தாத ஒருவர் தனிநபர் ஓய்வூதியத்தில் ஆண்டுக்கு £2,880 செலுத்தினால், உரிய முறையில் இயங்கும் திட்டங்களில் அது £3,600 ஆக நிரப்பப்படுகிறது.

சலுகைக்கு வெளியே இருப்போர்

வேலை தருபவர் ஒருவர் நிலையாக இருத்தல் எத்தகைய பேறு என்பதை மட்டாஞ்சேரி நன்கறியும். துறைமுகத்தில் ‘சாப்பா’ எனப்பட்ட உலோக வில்லைகளைக் கூட்டத்தில் வீசி, அவற்றைப் பிடித்தவருக்கே அன்றைய வேலை என்றிருந்த முறையை எதிர்த்து 1953-இல் இங்கு தொழிலாளர் போராடினர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பின்னர் 1978-இல் வந்த கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டம், பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மூட்டை சுமப்போர் போன்றவர்களுக்கு நல நிதிக்கு வழிவகுத்தது.

இவர்களில் வரி வரம்பை எட்டாதோருக்கு வரிக் கழிவால் ஏதும் இல்லை. இவர்களுக்கென 2015-இல் வந்ததே அடல் ஓய்வூதியத் திட்டம். 18 வயதில் சேர்பவர் மாதம் ரூ.210 செலுத்தினால் 60 வயதுக்குப் பின் மாதம் ரூ.5,000 கிடைக்கும், 40 வயதில் சேர்பவர் அதற்கு ரூ.1,454 செலுத்த வேண்டும். தொடக்கத்தில் சேர்ந்த, வரி செலுத்தாத தகுதியுடையோருக்கு அரசு 5 ஆண்டுகள் வரை ஆண்டுக்கு ரூ.1,000-க்கு மிகாமல் தன் பங்கையும் செலுத்தியது. இத்தகைய நேரடிப் பங்களிப்பே வரி செலுத்தாதவரைச் சென்றடையக் கூடியது. பின்னர்ச் சேர்ந்தோருக்கு அது இல்லை. 2022 அக்டோபர் 1 முதல் வருமான வரி செலுத்துவோர் இத்திட்டத்தில் சேர இயலாது. ஆகவே வரி செலுத்தும் சிறு தரகருக்கு இந்தக் கதவும் அடைபட்டது. உள்ளே இருப்போருக்கு உறுதியளிக்கப்பட்டுள்ள ரூ.1,000 முதல் ரூ.5,000 வரையிலான தொகையோ விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கப்பட்டதன்று.