சின்ன கார் என்ஜின்: பழுதானால் யார் பொறுப்பு?

ஆல்டோ கே10, வேகன் ஆர், செலெரியோ. பெயர்கள் வேறானாலும் பல ஆண்டுகள் இவற்றின் பானெட்டுக்குள் உழைத்தது ஒரே என்ஜின்தான்: சுசுகியின் கே10பி. 2008 இறுதியில் ஏ-ஸ்டார் காருடன் அது இந்தியச் சாலைக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 998 சி.சி., 12 வால்வு, அலுமினிய பிளாக். 6,200 ஆர்.பி.எம்.மில் ஏறத்தாழ 68 குதிரைத்திறன், 3,500 ஆர்.பி.எம்.மில் 90 நியூட்டன் மீட்டர் டார்க். மாருதி 800-இன் 796 சி.சி. என்ஜினில் டைமிங் பெல்ட் இருந்தது, இதில் செயின்.

ஒழுங்காகக் கவனித்தால் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் ஓடும் என்ஜின் இது. ஆனாலும் கடன் வாங்கி முதல் கார் எடுத்த குடும்பத்திடம் ஒருநாள் ‘என்ஜின் வேலை’ என்று பெரிய பில் நீட்டப்படுகிறது. அதைக் கட்ட வேண்டியது தயாரிப்பாளரா, சர்வீஸ் சென்டரா, காப்பீட்டு நிறுவனமா, உரிமையாளரா? பழுதின் காரணம் தெரிந்தால்தான் இதற்குப் பதில் உண்டு. அந்தக் காரணத்தைக் காட்டக் கையில் காகிதமும் வேண்டும்.

எங்கே கெடுகிறது?

முதல் எதிரி சூடு. கூலன்ட் குறைந்தால் பலர் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். அதிலுள்ள உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து வழியை அடைக்கிறது, உலோகத்தையும் அரிக்கிறது. சூடு ஏறும்போது ஹெட் கேஸ்கெட் போகிறது. அதற்குப் பிறகும் ஓட்டினால் அலுமினிய ஹெட்டே வளைந்துவிடும். பல சிறிய கார்களில் சூட்டைக் காட்டும் முள் கிடையாது, எச்சரிக்கை விளக்கு மட்டுமே உண்டு. சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி என்ஜினை அணைக்க வேண்டும். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது; அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

அடுத்தது, மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்லும் கோளாறு. ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ கெட்டால் மூன்றில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாது. வண்டி உதறும், புல்லிங் இருக்காது. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் உட்புறத்தை உருக்கிவிடுகிறது. பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்ட பாகம் அது. ‘செக் என்ஜின்’ விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும். மின்னி மின்னி எரிந்தால் வண்டியை அப்போதே நிறுத்துவது நல்லது.

மூன்றாவது ஆயில். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. ஆயில் மாற்றாமல் விட்டால் கசடு சேர்ந்து செயின் தளரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் கேட்கும். சிவப்பு ஆயில் விளக்கு எரிவது அழுத்தம் போய்விட்டதற்கான அறிகுறி. வீடுவரை ஓட்டிப் போய்விடலாம் என்று நினைத்தால் பேரிங்குகள் தேய்ந்து என்ஜினே பிடித்துக்கொள்ளும்.

பிழை நிறுவனத்துடையது என்றால்

2010 பிப்ரவரியில் சுமார் ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களை மாருதி திரும்ப அழைத்தது. எரிபொருள் பம்பின் கேஸ்கெட் வழியாக பெட்ரோல் கசியக்கூடும் என்பது காரணம். அப்போது அப்படி அழைப்பது நிறுவனத்தின் விருப்பம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, பயணிகளுக்கோ சாலையில் செல்வோருக்கோ சுற்றுச்சூழலுக்கோ கேடு விளைவிக்கும் குறை இருந்தால் வாகனங்களைத் திரும்பப் பெறும்படி ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு அவை பொருந்தும். பழைய கார் வாங்குபவர்கள் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டு, அந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அந்தப் பழுதை இலவசமாகச் சரிசெய்து தருவார்கள்.

வெளி மெக்கானிக்கும் வெள்ள நீரும்

‘வெளியில் கை வைத்தால் வாரன்டி போய்விடும்’ என்ற மிரட்டல் பரவலாக இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் தொழில்நுட்ப விவரங்களையும் வெளிச்சந்தைக்குத் தராததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் சர்வீஸ் செய்தாலே வாரன்டி ரத்து என்று பொத்தாம் பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, வெளி வேலையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது அதன் நிலைப்பாடு. நிறுவனங்கள் அந்த ஆணையை எதிர்த்து வழக்காடின. வாரன்டியை மறுப்பவர்களிடம், எந்த வேலையால் எந்தப் பாகம் கெட்டது என்று எழுத்தில் கேட்டு வாங்குவது உரிமையாளருக்குப் பாதுகாப்பு.

மழைக்கால அபாயம் வேறு. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. மூழ்கிய காரின் சாவியைத் திருகினால் சிலிண்டருக்குள் புகுந்த நீரை பிஸ்டனால் அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும், இது ஓட்டியவர் செய்கையால் வந்த சேதம் என்று கூறி காப்பீட்டு நிறுவனம் தொகையை மறுக்கக்கூடும். ‘என்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் காப்பு இதற்காகவே இருக்கிறது. ஸ்டார்ட் செய்யாமல் படமெடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, இழுவை வண்டியில் அனுப்புவதே சரியான வழி. அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

எங்கே முறையிடுவது?

முதலில் நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வப் புகார். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கான வழக்கை அது விசாரிக்கும். குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. பத்து லட்சம் வரை 200 ரூபாய். பிழைப்புக்காகத் தானே டாக்சி ஓட்டுபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.

ஒரு பாகம் கெட்டதற்குப் புது காரே கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். மாருதி தொடுத்த மேல்முறையீட்டில் 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரன்டியின்படி நிறுவனத்தின் கடமை குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதே, காரை மாற்றுவதல்ல என்றது. தயாரிப்புக் குறை என்று வாதிட்டால் நிபுணர் அறிக்கை வேண்டும். பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆகவே ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் ஜாப் கார்டில் கிலோமீட்டர் அளவையும், சொந்த வார்த்தையில் பழுதையும் எழுதச் சொல்ல வேண்டும். ஸ்கேனர் காட்டிய பிழைக் குறியீட்டின் அச்சுப்பிரதியையும் கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்க வேண்டும். வாரன்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே காரை முழுமையாகச் சோதிக்கக் கொடுத்து, சின்னச் சத்தமானாலும் புகாராகப் பதிவு செய்துவிடலாம். பழுது பிறகு முற்றினால், அது வாரன்டி காலத்திலேயே தொடங்கியது என்று காட்ட அந்த ஜாப் கார்டின் தேதி உதவும்.