கம்பெனி போனாலும் ஸ்டாப்பிங் போகல!

பாடி முதல் பூந்தமல்லி வரை கண்டக்டர் குரலில் வாழும் பழைய தெருக்கள்

"வேவின் எல்லாம் எறங்கு!"

முகப்பேர் மேற்கு போகும் பஸ்ஸில் கண்டக்டர் இப்படிக் குரல் கொடுத்தால் ஒரு கூட்டமே இறங்கும். வேவின் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "ஸ்டாப்பிங் பேருங்க" என்பார்கள். அவ்வளவுதான்!

அது பிளாஸ்டிக் குழாய் செய்த ஒரு கம்பெனியின் பெயர். குழாய் வாங்கியவர்கள் மறந்துவிட்டார்கள். டிக்கெட் வாங்குகிறவர்கள் மறக்கவில்லை.

சென்னையின் மேற்கு வாசல் முழுக்க இந்தக் கதைதான். வயல் போய் மனை வந்தது. மனை போய் அடுக்குமாடி வந்தது. பஸ் ஸ்டாப் பெயர் மட்டும் அசையாமல் நிற்கிறது.

சைக்கிள் வெள்ளம்

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது 1949-ல். அதன்பிறகு பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., அம்பத்தூரில் டன்லப் டயர் என்று வரிசையாக ஆலைகள். 1964-ல் தொழிற்பேட்டை வந்ததும் ஊரின் நாடித்துடிப்பே மாறியது. வீட்டில் கடிகாரம் இல்லாதவர்களுக்கும் ஆலைச் சங்குதான் மணி சொன்னது.

ஷிப்ட் விடும் நேரத்தில் ரோட்டைப் பார்க்க வேண்டுமே, அடேயப்பா! இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் சைக்கிள் வெள்ளம். ஹேண்டில்பாரில் டிபன் கேரியர் ஆடும். லாரிக்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்து போய் ஓரங்கட்டி நிற்பான். பாடி பிரிட்டானியா ஸ்டாப்பிங் நெருங்கினால் பஸ்ஸுக்குள்ளேயே பிஸ்கட் வாசனை. கண்ணை மூடிக்கொண்டே இறங்கலாம்!

டன்லப்பில் டயர் உற்பத்தி நின்றுபோனது. அந்தச் சம்பளத்தை நம்பிக் கடன் கொடுத்த மளிகைக் கடைகளும், டீக்கடைகளும் பட்ட பாடு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

அந்த ரோட்டின் பெயரும் பாதிதான் மாறியது. மெட்ராஸ் - திருவள்ளூர் ஹைரோடு என்பதைச் சுருக்கி எம்.டி.எச். ரோடு என்றார்கள். 1996-ல் மெட்ராஸ் சென்னையானதும் அது சி.டி.எச். ரோடு ஆனது. ஆனால் கடை போர்டுகளைப் பாருங்கள். இரண்டும் இருக்கும். போர்டு எழுதக் காசு ஆகிறதே சார்!

அம்பத்தூர் ஓ.டி. என்பதில் "ஓ.டி." எது? ஓல்டு டவுன் என்பார் ஒருவர். இல்லை, ஓல்டு டவுன்ஷிப் என்பார் இன்னொருவர். டீ ஆறுகிற வரை சண்டை ஓயாது. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அப்போதும் ஓ.டி. ஓ.டி.யாகவே இருந்துவிட்டது.

ஆவடிக்கு ஒரு கதை

கவச வண்டி டெப்போவுக்கான ஆங்கில வார்த்தைகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் "ஆவடி" வரும், ஊருக்குப் பெயர் வந்ததே அப்படித்தான் என்று ஒரு கதை சுற்றுகிறது. கதை ஜோர்! ஆனால் டேங்க் பேக்டரி வந்தது 1961-ல். அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1955 ஜனவரியில், நேருவும் காமராஜரும் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கே "ஆவடி மாநாடு" என்றுதானே பெயர்? சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. மாநாட்டுத் திடலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்தார்கள்.

1965-ல் முதல் விஜயந்தா டாங்கி இந்த ஊரிலிருந்து உருண்டு வந்தது. 2019-ல் ஆவடி தனி மாநகராட்சியும் ஆகிவிட்டது.

தண்ணீருக்குத் தெரிந்த விலாசம்

பழைய பெயரில் வயிற்றெரிச்சலான சங்கதி ஒன்றும் இருக்கிறது. இந்தப் பக்கம் எத்தனை "ஏரிக்கரைத் தெரு"க்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் ரெட்டேரிக்கு. பெரியவர்கள் போட்ட வழி. நடுவில் வீடு கட்டியது நாம்.

2015 டிசம்பரில் தண்ணீர் பழைய விலாசத்தைத் தேடி வந்தது. கொரட்டூரில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறைகளுக்குள் வெள்ளம் புகுந்து, மெஷின்கள் சேற்றில் நின்றன. கடன் வாங்கி லேத் போட்ட சின்ன முதலாளி அன்று யாரிடம் போய் அழுவார்?

இன்றும் மனை விளம்பரத்தில் "லேக் வியூ" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். மழை பெய்தால் வியூ வேறு, வீடு வேறு இல்லை! அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெருவின் பழைய பெயரை ஒரு பெரியவரிடம் கேட்டு வைத்தால் நல்லது.

சாவடியும் தோட்டமும்

பூந்தமல்லி பக்கம் போனால் கதை இன்னும் பழசு. 54-ம் நம்பர் பஸ்ஸில் தினம் போகிறவர்களுக்குக் குமணன்சாவடி, கரையான்சாவடி தெரியும். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கிய இடம். பெங்களூர் மார்க்கத்தில் மாட்டு வண்டி கட்டிப் போனவன் மாட்டை அவிழ்த்துவிட்டுக் கண் அசந்த இடத்தில் இன்று ஷேர் ஆட்டோக்காரர் ஆள் ஏற்றுகிறார்.

பூவிருந்தவல்லி என்பதுதான் தேய்ந்து பூந்தமல்லி ஆனது. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். இங்கே பூச்செடி வளர்த்து, பறித்த பூவைக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோய்ச் சாத்தினார் என்பது வழிவழியாகச் சொல்லும் சேதி.

அந்த ரோட்டின் தலைக்கு மேலே இப்போது மெட்ரோ பாலம். அதிலே ஸ்டேஷன்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் படித்தீர்களா? குமணன்சாவடி, கரையான்சாவடி. அடுத்தது முல்லைத் தோட்டம்! யாரோ ஒரு அதிகாரி, புதுப் பெயர் தேடாமல் ஊர் வாயில் இருந்ததையே எழுதிவிட்டார். அவருக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுக்கலாம்.