மூச்சைப் பிடிச்சுக்கோ, தம்பி!

எம்.ஆர்.ஐ. அறை என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் வாசல் பெஞ்சும், 'உலோகப் பொருட்களுக்கு அனுமதி இல்லை' போர்டும்தான். சென்னையில் ஒரு மருத்துவமனையில் அந்தக் கதவுக்கு உள்பக்கம் நின்று வேடிக்கை பார்க்கச் சான்ஸ் கிடைத்தது. விடுவேனா!

முதலில் சோதனைச் சாவடி. பிளாஸ்டிக் தட்டு நிறைய ஊக்கு, ஹேர்பின், கொலுசு, சாவிக்கொத்து. "தம்பி, இடுப்புல என்ன?" என்கிறார் டெக்னீஷியன் அக்கா. பத்து வயதுப் பையன் நெளிகிறான். "வெள்ளி அரைஞாண்ங்க, குலதெய்வம் கோயில்ல கட்டினது" என்று அம்மா முந்திக்கொள்கிறார். "சாமி இங்கயே உக்காந்திருக்கட்டும்மா, போகும்போது கூட்டிட்டுப் போங்க!" அடுத்து என் வாட்ச், பர்ஸ், பேனா எல்லாம் பறிமுதல். உள்ளே இருப்பது 1.5 டெஸ்லா காந்தம். பூமியின் காந்தப் புலத்தைப்போல ஏறக்குறைய 30,000 மடங்கு. ஸ்கேன் நடக்காதபோதும் அது 'ஆன்'தானாம். நடு ராத்திரியில்கூட!

பையனுக்குக் கைக்குழந்தையிலேயே 'டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ' என்ற இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நுரையீரலுக்குப் போகும் ரத்தப் பாதை குறுகலாக இருக்கும் கோளாறு. சரிசெய்த பிறகும் அந்தப் பாதையின் இடக்கிளையோ வலக்கிளையோ இறுகிப்போகலாம். எந்த நுரையீரலுக்கு எவ்வளவு ரத்தம் போகிறது? அதை அளக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

கண்ணாடிக்கு இந்தப்பக்கம் கன்ட்ரோல் ரூம். ஏ.சி. குளிரில் அக்கா ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறார். டாக்டரின் காபி ஆடை கட்டி எப்போதோ ஆறிவிட்டது. "மூச்சை இழு... விடு... அப்படியே நிறுத்து!" என்று மைக்கில் அக்கா சொல்ல, உள்ளே டகடகவென்று ஒரே இரைச்சல். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "சார், நீங்க விடலாம்!" என்கிறார் டாக்டர். மைக் ஆனில் இருந்திருக்கிறது. பையன் கேட்டுச் சிரித்துவிட்டான். படம் கலங்கிப்போச்சு. மறுபடியும் முதலிலிருந்து.

இப்போது திரையைப் பாருங்கள். அசையாதது சாம்பல் நிறம். ரத்தம் ஒரு திசையில் ஓடினால் வெள்ளை, எதிர்த்திசையில் ஓடினால் கறுப்பு. குழாய் வெள்ளை வட்டமாகத் துடிக்கிறது. திடீரென்று நடுவில் கறுப்புத் திட்டு! ரத்தம் ரிவர்ஸில் போகிறதா? எனக்குப் பகீர் என்றது. டாக்டர் அலட்டிக்கொள்ளவே இல்லை. அளக்க வேண்டிய வேகத்துக்கு முன்கூட்டியே ஓர் உச்சவரம்பு வைக்க வேண்டுமாம்; ரத்தம் அதைத் தாண்டினால் மெஷின் திசையைக் குழப்பிக்கொள்ளும். வரம்பை ஏற்றி மறுபடி எடுத்தார்கள். கறுப்பு போயே போச்சு.

பிறகுதான் உண்மையான வியர்வை. ஒரே ஒரு இதயத்துடிப்பு, அதற்கு வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றிலும் குழாயைச் சுற்றி மவுஸால் வட்டம் போட வேண்டும். வேகத்தைக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கி, எல்லாப் படங்களுக்கும் கூட்டினால் ஒரு துடிப்பில் போகும் ரத்தத்தின் அளவு வந்துவிடும். வழக்கமாக வலப்பக்கம் 55 சதவீதம், இடப்பக்கம் 45 வாக்கில். இதயம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் அந்தப் பக்க நுரையீரல் கொஞ்சம் சின்னது. இரண்டு கிளைகளின் கூட்டுத்தொகை தாய்க்குழாயின் கணக்கோடு ஒத்துவர வேண்டும். "டேலி ஆயிடுச்சு!" டாக்டர் சோம்பல் முறித்து, அந்த ஆறின காபியை ஒரே மடக்கில் குடித்தார். பையனின் இடப்பக்கம் கொஞ்சம் குறைவுதான், பயப்படும்படி இல்லை.

இந்த அளவீட்டுக்கு ஊசியும் வேண்டாம், எக்ஸ்ரே கதிரும் கிடையாது. டெட்ராலஜி ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கிளை இறுகுவது மட்டுமல்ல, நுரையீரல் வால்வு கசிவும் வெளியே தெரியாமலே பல வருடம் இருக்கலாம். பிள்ளை நன்றாகத்தானே ஓடியாடுகிறான் என்று செக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.