ஈயம் ஒட்டுவது எதனால்?

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரைப் பார்த்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அவர் வெறும் ஈயத்தை மட்டும் தேய்க்க மாட்டார். கூடவே ஒரு சிட்டிகை நவச்சாரப் பொடி தூவுவார். குப்பென்று வெண்புகை கிளம்பும், பஞ்சால் ஒரு தேய்ப்பு, உள்பக்கம் முழுக்க வெள்ளி மாதிரி பளபளக்கும். நவச்சாரம் இல்லையென்றால் ஈயம் பரவாது. முத்து முத்தாக உருண்டுவிடும். நகை ஆசாரிக்கு இதே வேலையைச் செய்வது வெங்காரம். அவர் பொடி வைத்து ஊதி ஒட்டும் உலோகக் கலவைக்குத் தமிழில் பற்றாசு என்று பெயர். வெண்பாவில் தனிச்சொல்லை இணைக்க இடையில் சேர்க்கும் ஓரிரு அசைகளை 'ஆசு' என்கிறார்களே, ஆசிடை நேரிசை வெண்பா, அந்த ஆசும் இந்தப் பட்டறையிலிருந்து வந்ததுதான்.

தாணே–பேலாப்பூர் சாலைத் தொழிற்பேட்டையில் சர்க்யூட் போர்டு பூட்டும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் இந்த நவச்சாரக் கதையைத்தான் சொல்வேன். சால்டர் என்பது பற்றாசு. ஃப்ளக்ஸ் என்பது நவச்சாரத்தின் தம்பி. சால்டரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், ஃப்ளக்ஸை யாரும் மதிப்பதில்லை. போர்டு கெட்டுப்போவதில் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

செம்பு காற்றுப்பட்டால் மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது. உருகிய சால்டர் அந்தப் படலத்தின் மேல் ஒட்டவே ஒட்டாது, தாமரை இலைத் தண்ணீர்தான். ஃப்ளக்ஸ் சூட்டில் அந்தப் படலத்தைக் கரைத்து, புதிதாகக் காற்று படாமலும் மூடிக்கொள்கிறது. அந்தச் சில விநாடிகளில் சால்டர் சுத்தமான செம்பைத் தொட்டுவிட வேண்டும்.

போர்டு வேலைக்கு நவச்சாரம் ஆகாது. இங்கே பழைய, நம்பகமான ஃப்ளக்ஸ் ரோசின். இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட் மலைச்சரிவுகளில் சீர் பைன் மரத்தைக் கீறி வடிக்கும் பிசினில் டர்பன்டைனை வடித்தெடுத்த பின் மிஞ்சும் கட்டி அது. வடக்கத்திக்காரர்கள் பிரோஜா என்பார்கள். ஆறியிருக்கும்போது கண்ணாடி மாதிரிக் கெட்டி, எந்த வம்புக்கும் போகாது. சூடானால் உருகி அமிலமாக வேலை செய்யும். மறுபடி ஆறினால் மிச்ச அமிலத்தைத் தனக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். இவ்வளவு நல்ல குணம் வேறு எந்தப் பொருளுக்கும் இல்லை என்பது என் கட்சி.

இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது 'நோ-கிளீன்' ஃப்ளக்ஸ். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. கழுவ வேண்டாம் என்பது, அது முழுச்சூடு கண்டு தன் வேலையை முடித்த பிறகுதான் பொருந்தும். தொழிற்சாலை அடுப்பில் போர்டு முழுவதும் சூடாகிறது, சரி. ரிப்பேர் மேஜையில் என்ன நடக்கிறது? ஒரு ஐ.சி.யை மாற்ற ஒரு கரண்டி ஃப்ளக்ஸைக் கொட்டுவார்கள். சூடு காண்பது ஐ.சி. இருக்கும் இடம் மட்டும். சுற்றி வழிந்தது பச்சையாகவே தங்கிவிடும். அதன் மேல் மும்பை ஈரக்காற்றும், கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தமும் சேர்ந்தால், உலோகம் கரைந்து மரக்கிளை மாதிரி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வளரும். ஒருநாள் ஷார்ட். எங்கள் கட்டிடத்தில் ஒரு வீட்டு இன்வெர்ட்டர், கோடையில் ரிப்பேராகி நன்றாக ஓடியது, ஜூலை மழையில் செத்தது. திறந்து பார்த்தால் மாற்றிய பாகம் பத்திரம். பக்கத்தில்தான் பச்சை பூத்திருந்தது. குழாய் ஒட்டும் அமில ஃப்ளக்ஸைப் போர்டில் போடுபவர்களும் உண்டு. அது துத்தநாகக் குளோரைடு, போர்டுக்கு விஷம்.

சால்டர் பேஸ்ட் என்பது இந்த இரண்டும் கலந்த மாவு. எடையில் 88 முதல் 90 சதவீதம் உலோகம். ஆனால் கொள்ளளவில் பார்த்தால் கிட்டத்தட்ட பாதி ஃப்ளக்ஸ். அவ்வளவு எதற்கு? சாதாரண வகையில் ஒரு மணி 25 முதல் 45 மைக்ரான். அத்தனை நுண்மணிகளின் மேலும் ஆக்சைடு உண்டு, அத்தனையையும் சுத்தம் செய்ய வேண்டும். பேஸ்ட் அதனால்தான் கெட்டுப்போகும் பண்டம். பெரும்பாலான வகைகளை 2 முதல் 10 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் (சாப்பாடு வைக்கிற ஃபிரிட்ஜில் அல்ல!). வெளியே எடுத்தால் மூடியைத் திறக்காமல் மூன்று நான்கு மணி நேரம் விட வேண்டும். ஜில்லென்று இருக்கும்போது திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே வியர்க்கும்; அடுப்பில் அந்தத் தண்ணீர் வெடித்து, சால்டர் குண்டுமணிகளாகச் சிதறும். அவசரக்காரர்கள் ஹீட்டர் பக்கத்தில் வைப்பார்கள், அதைவிடத் திறக்காமலே இருக்கலாம்.

ஈயம் விஷயத்துக்கு வருவோம். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். பழைய சால்டரில் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்; 183 டிகிரியில் உருகும். ஐரோப்பாவில் 2006 ஜூலையிலிருந்து காரீயத்துக்குத் தடை வந்தது. நம் நாட்டில் 2011 மின்கழிவு விதிகள் வரம்பு போட்டன. இப்போது பரவலாக இருக்கும் வெள்ளீயம்–வெள்ளி–செம்புக் கலவை 217 டிகிரிக்கு மேல்தான் உருகத் தொடங்குகிறது. அந்தச் சூட்டில் ஃப்ளக்ஸ் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். பழைய சால்டரில் பழகிய கை புதியதில் தடுமாறுவது இதனால்தான். கையில் குற்றமில்லை, கொஞ்சம் கூடுதல் ஃப்ளக்ஸ் வேண்டும், பிறகு கழுவ வேண்டும்.

கழுவுவதென்றால் பஞ்சால் ஒரு இழுப்பு அல்ல. அது அழுக்கைப் பரப்பும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை நன்றாக ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, கரைந்த கரைசலை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒருமுறை போதாது. காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்தால் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். லாமிங்டன் ரோட்டில் ரிப்பேருக்குக் கொடுக்கும்போது "கழுவித் தருவீங்களா?" என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

கல்லூரி பிராஜெக்ட்டுக்காகப் பிள்ளைகள் சாப்பாட்டு மேஜையிலேயே சால்டர் பண்ணுகிறார்கள். புகையில் காரீயம் வரும் என்று அம்மாக்கள் பயப்படுகிறார்கள். அந்தச் சூட்டில் காரீயம் ஆவியாவது அற்பம். அது கையிலிருந்து வாய்க்குப் போகும், ஆகவே சோப்பு போட்டுக் கை கழுவாமல் பிஸ்கெட்டைத் தொடக் கூடாது. புகையில் இருப்பது ரோசின். தொழிலாளிகளுக்கு ஆஸ்துமா வரவழைக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளிப் புகையே போதும், இழுப்பு வந்துவிடும். மேஜையை ஜன்னல் ஓரமாகப் போட்டு, ஒரு சின்ன ஃபேனை, புகையை முகத்திலிருந்து வெளிப்பக்கம் இழுக்கும்படி வைத்துக் கொடுங்கள்.